தலையாட்டாத ஓம் அண்ணன்

பிள்ளைகளே, நாளைக்கு ஒரு வேலை செய்து பாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டாமல் பதில் சொல்லிப் பாருங்கள். அம்மா “பால் குடிச்சியா?” என்று கேட்டால் தலை ஆடக்கூடாது. டீச்சர் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் ஆடக்கூடாது. தெரிந்தவர் தெருவில் எதிரே வந்தால், “என்ன, சௌக்கியமா?” என்கிற மாதிரி லேசாக ஓர் அசைப்பு அசைப்போமே, அதுவும் கூடாது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் தோற்றுப்போவீர்கள். நான் முயன்று பார்த்துப் பல் விளக்கும்போதே தோற்றவன்.

ஆனால் ஒருவர் வருஷக்கணக்கில் அப்படியே இருந்தார். அவரோடு ஒரே ரூமில் நான் இருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. ராஸ் அல் கைமாவில் மலையை வெடி வைத்து உடைத்து, அந்தக் கல்லை க்ரஷரில் போட்டு ஜல்லியாக்குகிற கம்பெனியில் எனக்கு வேலை. க்ரஷர் என்றால் கல்லைத் தின்கிற பெரிய இயந்திரம். அது ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோருக்கும் தலைதான் வாய். வண்டியைப் பின்னால் எடுக்கட்டுமா என்று டிரைவர் கண்ணால் கேட்பான், நாங்கள் தலையால் சொல்வோம். சாப்பிடப் போகலாமா? தலை. தண்ணீர் இருக்கிறதா? தலை.

தலையாட்டாத அந்த மனிதர் டிப்பர் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறவர். நடுவயது. ஒல்லியான ஆள், காதோரம் நரை. அவ்வளவு சத்தத்திலும் தலையை மட்டும் அசைக்க மாட்டார். அதற்குப் பதிலாகக் கையிலிருக்கும் இரும்புக் கம்பியால் டயர் ரிம்மில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆம். இரண்டு தட்டு என்றால் இல்லை. டிரைவர்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். சத்தம் இல்லாத இடத்தில் வாயால் “ஓம்” என்பார், அல்லது “இல்லை” என்பார். இலங்கையில், அவர் ஊரான யாழ்ப்பாணத்தில் ‘ஆம்’ என்பதை அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்கு அது தெரியாது. வந்த புதிதில், ஏதோ சாமி பெயரைச் சொல்கிறார் என்று நினைத்தோம். அப்படியே ‘ஓம் அண்ணன்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எதற்கு, ஓம் அண்ணன் என்றே சொல்கிறேன்.

எங்கள் ரூமில் மூத்தவர் சுப்பையா அண்ணன், புதுக்கோட்டைப் பக்கம். அவர் நேர் எதிர். அவருடைய தலை தூக்கத்தில் மட்டும்தான் நிற்கும். நாம் பேசப் பேச அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு ஆம் என்றும் அர்த்தம் இல்லை, இல்லை என்றும் அர்த்தம் இல்லை. ‘சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்’ என்று அர்த்தம். போனில் வீட்டுக்குப் பேசும்போதும் ஆட்டுவார். ஒருநாள் ஓம் அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நீங்கள் தலையாட்டிறது அங்க மனுசிக்குத் தெரியுதாமோ?”

“தெரியாம என்ன? இருபது வருசக் குடித்தனம்யா. நா ஆட்டாட்டி அவளுக்குத் தெரிஞ்சிரும்” என்றார் சுப்பையா அண்ணன். ரூமே சிரித்தது. ஓம் அண்ணனும் சிரித்தார். சிரிக்கும்போதும் அவர் தலை சுவரில் மாட்டிய படம் மாதிரி அப்படியே நின்றது.

இவரை எப்படியாவது தலையாட்ட வைக்க வேண்டும் என்று நாங்கள் பந்தயம் கட்டினோம். வாய் நிறையச் சோறு இருக்கும்போது, “அண்ணே, குழம்பு நல்லாருக்கா?” என்று கேட்போம். அவர் இடது கையை ‘பொறு’ என்று தூக்கிக் காட்டி, மென்று, விழுங்கி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, “ஓம்” என்பார். பல் விளக்கி வாயில் நுரை வழியும்போது கேட்போம். கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து, “இல்லை” என்பார். அதற்குள் என்ன கேட்டோம் என்று எங்களுக்கே மறந்து போயிருக்கும்.

அவருக்குக் கழுத்து எலும்பில் கோளாறு என்று ஒருவன் சொன்னான். ஏதோ வேண்டுதல் என்று இன்னொருவன் சொன்னான். கழுத்து நன்றாகத்தான் இருந்தது. டயரைத் தூக்கி மாட்டும்போது எந்தப் பக்கமும் திரும்பியது. யாராவது கேள்வி கேட்டுவிட்டால் மட்டும்தான் அது கல்லாகிவிடும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. கேம்ப் கேட்டுக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே காவலாளியைக் கடந்து போவார். நாங்களெல்லாம் மணியடித்துக்கொண்டு பறப்போம். காவலுக்கு இருந்த நேபாளிப் பையனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அவன் எழுந்து நின்று இவருக்கு சல்யூட் வைக்க ஆரம்பித்துவிட்டான்.

“ஏண்ணே, இவனுக்குப் போயி எறங்குறீங்க?” என்று கேட்டேன்.

“பழக்கம், தம்பி. அங்க சென்றியைக் கண்டால் இறங்கோணும். இறங்கேல்லை எண்டால் சுடுவான்.”

அப்போதுதான் அவருடைய ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். யாழ்ப்பாணம் கடலோரத்துப் பழைய நகரம். ராஜாக்கள் காலத்திலிருந்தே இருக்கிறது. கோட்டை உண்டு, பெரிய சந்தை உண்டு. சண்டையில் அந்த ஊரை ராணுவம் பிடித்தது. சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கி, அதற்குப் பின்னால் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். அதுதான் சென்றி. ஊரை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் பாஸ் வாங்க வேண்டும். கரண்ட் கிடையாது.

“எந்த ராணுவம்ணே?”

“பேர் மாறும் தம்பி. காலில போடுற சப்பாத்துச் சத்தம் ஒண்டுதான். ஆமிக்காரனைப் பார்த்துச் சிரிச்சால் ஆமியோட சண்டை பிடிக்கிற இயக்கம் வந்து ஏனெண்டு கேக்கும். சிரிக்காட்டில் ஆமி வந்து ஏனெண்டு கேக்கும். ரோட்டில முகத்தை எப்பிடி வச்சுக்கொண்டு போறதெண்டதே பெரிய வேலை.”

சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். அவர் எதையும் முழுதாகச் சொல்ல மாட்டார். எனக்கோ தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மணல்காற்று அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கள் மெஸ் சமையல்காரன் வேடிக்கைக்காரன். காலி அரிசிச் சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, அதைத் தலையோடு மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டு, அப்படியே சாப்பாட்டு ஹாலுக்குள் வந்தான். “பேய் வந்துருக்கேன்டா, பேய்!” என்று ஆடினான். எல்லோரும் சிரித்தோம்.

ஓம் அண்ணன் சாப்பாட்டை விட்டு எழுந்தார். தட்டு கீழே விழுந்தது. நேராகப் போய் அந்தச் சாக்கைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். “மூச்சு விட ஏலுதோ? ஏலுதோ உனக்கு?” என்று சமையல்காரனின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக் கேட்டார். அவன் பயந்துபோய், “விட முடியுதுண்ணே, சும்மா வெளையாட்டுக்குண்ணே” என்றான். இவர் சாக்கைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, விழுந்த சோற்றைத் தானே கூட்டி அள்ளினார்.

சாயங்காலம் துணி துவைக்கும்போது நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவர் சொன்னார். ஊரில் திடீரென்று ஒருநாள் விடியற்காலையில் நாலு பக்கமும் ராணுவம் வந்து நிற்குமாம். எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்வார்களாம். அங்கே ஒரு ஜீப் நிற்கும். அதற்குள் ஒரு ஆள். முகம் தெரியாதபடி அவன் தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஊர்ச்சனம் வரிசையாக அவன் முன்னால் ஒவ்வொருவராக வந்து நிற்க வேண்டும். அவன் பேசாமல் இருந்தால் நீ வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டிவிட்டால் உன்னைக் கொண்டுபோய்விடுவார்கள்.

“அவங்க யாருண்ணே? சாக்குக்குள்ள இருக்குறது?”

“ஊர்ப் பொடியன்தான். முதல் நாள் பிடிச்ச ஆளை அடுத்த நாள் கொண்டுவந்து இருத்துவாங்கள்.”

ரூமில் போய் இதைச் சொன்னேன். சுப்பையா அண்ணனுக்கு உடனே விளங்கிவிட்டது. “அட, அதான் சங்கதியா! இவர யாரோ தலையாட்டி மாட்டிவிட்டிருக்கான். அதான் மனுசனுக்குத் தலையாட்டுனாலே ஆகல” என்றார். நாங்களும் அப்படியே நம்பினோம். அதற்குப் பிறகு அவரை வைத்துப் பந்தயம் கட்டுவதை விட்டுவிட்டோம்.

அவருக்கு ஒரே ஒரு பயம்தான். கேன்சல். விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவதை அங்கே அப்படிச் சொல்வோம். எங்களைக் கேன்சல் பண்ணினால் ஊருக்குப் போய் வேறு வழி பார்ப்போம். அவரை அனுப்பினால் கொழும்பில் இறங்கும்போதே விசாரணை, அங்கிருந்து யாழ்ப்பாணம் போக மறுபடி அனுமதி, மறுபடி அதே சென்றிகள். ஊரில் அப்போது மறுபடியும் சண்டை மூண்டிருந்தது. “என்னை இஞ்ச ஒருத்தரும் கவனிக்கக் கூடாது, தம்பி. அதுதான் எனக்கு விசா” என்பார். எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில்தான் நிற்பார்.

அந்தக் கோடையில் கேம்ப் தண்ணீரில் டீசல் வாடை அடித்தது. குளித்தால் உடம்பெல்லாம் தடித்தது. பலமுறை சொல்லியும் டேங்க்கைக் கழுவவில்லை. ஒருநாள் காலை யாரும் டூட்டிக்கு பஸ்ஸில் ஏறவில்லை. கூச்சல் கூடியது. எங்கிருந்தோ ஒரு கல் வந்து பஸ்ஸின் முன்கண்ணாடியில் பட்டது. யார் எறிந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மறுநாள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. ஆனால் மேனேஜர் விடவில்லை. அவர் எங்கள் கம்பெனிக்குப் புதிது, எங்கள் ஆட்களோடு பழகியதில்லை. கல் எறிந்தவன் ஒருவன் வேண்டும், அவனைக் கேன்சல் பண்ணினால்தான் மற்றவர்கள் அடங்குவார்கள் என்று நினைத்தார். கல் விழுந்த அன்று பஸ்ஸுக்குப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர் சுப்பையா அண்ணன். மேனேஜர் அவரைக் கூப்பிட்டுத் தன்னுடைய பிக்கப்பில் ஏற்றி உட்கார வைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டி. சாட்சி சொல்கிறவருக்குப் பின்னால் தொல்லை வரக்கூடாது என்று நல்லெண்ணத்தில்தான் அப்படிச் செய்தாராம். மேனேஜர் மறுபக்கக் கண்ணாடியை இறக்கி அங்கே நின்றுகொள்ள, எங்களை வரிசையாக அந்த வண்டியைக் கடந்து போகச் சொன்னார்கள்.

எனக்குப் பின்னால் ஓம் அண்ணன் நின்றார். திரும்பிப் பார்த்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவர் வரிசையைப் பார்க்கவில்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு முன்னால் செல்வம் போனான். சுப்பையா அண்ணனின் பக்கத்து ஊர்ப் பையன், கல்யாணமாகி ஆறு மாசத்தில் வந்தவன். அவன் வண்டியைக் கடந்ததும் மேனேஜர் கையைக் காட்டினார். காவலாளி வந்து செல்வத்தின் பத்தாக்காவை வாங்கிக்கொண்டு அவனைத் தனியே நிறுத்தினான். பத்தாக்கா என்பது நாங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் அடையாள அட்டை. அது போனால் ஆள் போன மாதிரி.

“அண்ணே, நான் இல்லண்ணே! நான் அப்ப கக்கூஸ்லண்ணே!” என்று அவன் கத்தினான். யாரும் அசையவில்லை. நானும்தான்.

ஓம் அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்தார். நேராகப் போய் பிக்கப்பின் கதவைத் திறந்தார். உள்ளே சுப்பையா அண்ணன் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பார்த்தோம்.

“சேர், நோ ஹெட். மௌத். ஆஸ்க் மௌத்!” என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். பிறகு தமிழில், “அண்ணை, வாயால சொல்லுங்கோ. கல் எறிஞ்சது இந்தப் பொடியன்தானோ? கண்டனீங்களோ?” என்று கேட்டார்.

“கல்ல எறிஞ்சவனையா? நா யாரையும் பாக்கலப்பா” என்றார் சுப்பையா அண்ணன்.

“அப்ப ஏன் தலையாட்டினனீங்கள்?”

“அவரு பாட்டுக்கு இங்கிலீசுல என்னமோ கேட்டுக்கிட்டே இருந்தாரு. நானும் ம், ம்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அப்ப நம்ம செல்வம் வந்தான். தெரிஞ்ச மொகமாச்சேன்னு ஒரு ஆட்டு ஆட்டுனேன். அதுக்கா அவன நிறுத்தி வச்சிருக்காங்க? அடப்பாவிகளா!” என்று சொல்லி வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். இங்கிலீஷ் தெரிந்த க்ளார்க் ஒருவர் ஓடிவந்து மேனேஜருக்கு அதை விளக்கினார்.

செல்வத்தின் பத்தாக்கா அவன் கைக்குத் திரும்பி வந்தது. மேனேஜர் முகம் சிவந்து நின்றார். அத்தனை பேர் முன்னால் தன் வண்டிக் கதவை ஒரு டயர்க்காரன் திறந்தது அவருக்குத் தாங்கவில்லை. கையை நீட்டினார். ஓம் அண்ணன் தன் பத்தாக்காவை எடுத்துக் கொடுத்தார்.

அது திரும்பி வரவில்லை. அந்த வாரமே கேன்சல் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். செல்வம் ஆபீஸ் வாசலில் போய் நின்று அழுகிறேன் என்றான். “விசர்க்கதை கதையாதை. போய் வேலையைப் பார்” என்று ஓம் அண்ணன் அவனை அதட்டி அனுப்பிவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. பஜாருக்கு வருகிறாயா என்று என்னைக் கூப்பிட்டார். பஸ் பிடித்துப் போனோம். ஒரு மலையாளியின் கடையில் ரேடியோக்களாகப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் காதில் வைத்தார். இன்னொன்றை எடுத்து இன்னும் சத்தமாக வைத்தார்.

“தம்பி, ஒரு பக்கக் காது கேளாத ஆளுக்கு எது நல்லது?”

“யாருக்குண்ணே?”

“எங்கட ஒழுங்கை முடக்கில, அதான் தெரு மூலையில, மா அரைக்கிற மில் வச்சிருந்தவர். ரேடியோ எண்டால் உயிர். கரண்ட் இல்லாத காலம். சைக்கிள் டைனமோவில ரேடியோவைக் கொழுவி, நான் மிதிப்பன், அவர் பக்கத்தில கதிரை போட்டு இருந்து செய்தி கேப்பார்.”

“காதுல என்ன?”

“ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டுபோய் அடிச்சவங்கள்.”

“சாக்குப் போட்டவன் காட்டிக் குடுத்தானா?”

“ஓம்” என்றார். ரேடியோவின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். “சாக்குக்குள்ள இருந்தது நான்தான், தம்பி.”

நான் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

“சந்தைக்குப் போய் வரேக்க என்னைப் பிடிச்சவங்கள். ஒரு ராத்திரி வச்சிருந்து, விடிய ஜீப்பில இருத்தினவங்கள். ஒருத்தருக்கும் ஆட்டுறேல்லை எண்டுதான் இருந்தனான். சத்தியமா. எத்தினையோ பேர் வந்து போச்சினம். ஆட்டேல்லை. ஆனா மூச்சு விட விடச் சாக்கு நனைஞ்சு மூஞ்சையில ஒட்டும். ஓட்டை கண்ணில இருந்து இறங்கி மூக்கடிக்கு வந்திட்டுது. ஒண்டும் தெரியேல்லை. கையைப் பின்னால கட்டியிருக்கு. தலையை ஒருக்கா உதறினன், ஓட்டை மேல வரட்டும் எண்டு. வந்திட்டுது. பார்த்தால், முன்னால அவர். ரெண்டு ஆமிக்காரர் அவரைக் கையில பிடிச்சிட்டாங்கள்.”

“திரும்பி வந்தாராண்ணே?”

“வந்தவர். அதாலதான் நான் இஞ்ச வந்தனான். அவர் வராட்டில் அழுதுபோட்டு ஊரிலேயே இருந்திருப்பன். வந்து அதே கதிரையில இருந்துகொண்டு, ‘வாடா தம்பி, மிதி, செய்திக்கு நேரமாச்சு’ எண்டு கூப்பிட்டார். நான் ஊரைவிட்டு வர பாஸ் எடுக்கப் போனதும் அவற்ர சைக்கிளிலதான்.”

கடைக்காரர் வந்து, அந்த ரேடியோதான் நல்லது, பேட்டரியும் சேர்த்துத் தருகிறேன் என்றார். ஓம் அண்ணன் அதைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

“ஏண்ணே, நல்லாத்தானே இருக்கு?”

“இதைக் குடுத்திட்டு, சாக்குக்குள்ள இருந்தது நான்தான் எண்டு அவருக்குச் சொன்னன் எண்டால், கோவிக்காதையுங்கோ எண்டு வாயை அடைக்கத் தந்த மாதிரி இருக்கும். சொல்லிப்போட்டுக் குடுத்தன் எண்டால் கையால தொடமாட்டார்.”

“அப்ப சொல்லாமலே குடுத்துருங்களேன்.”

“அதைத்தான் இவ்வளவு காலமும் செய்துகொண்டு இருக்கிறன். தீபாவளி, பொங்கல் எண்டு ஏதாவது அனுப்பிறனான். ஒவ்வொருக்காலும் என்ர அக்காட்டைச் சொல்லி விடுவார், தங்கமான பொடியன் எண்டு.”

கடைக்காரர் விலை அதிகமென்று போகிறோம் என நினைத்துக்கொண்டு, “சேட்டா, குறைச்சுத் தராம்!” என்று வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டார். இவர் வெறுங்கையோடு வெளியே நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில். இரண்டு பேரும் ஒரே கம்ப நிழலில் ஒண்டிக்கொண்டு நின்றோம்.

“ஆமிக்குக்கூட இப்ப அவ்வளவு பயமில்லை, தம்பி” என்றார். “அவர் கதிரையில இருப்பார். கேக்கிற காதுப் பக்கமாப் போய் நிப்பன். முதல் சொல்லை என்னெண்டு தொடங்கிறது?”

பஸ் வரும் வரைக்கும் நாங்கள் அதையே யோசித்துக்கொண்டு நின்றோம்.